புறாமலைக்குப் போகும் மலைநாட்டாருக்கு: கடலில் இறங்குவதும் மேட்டுக்குத் திரும்புவதும்

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கத்திலிருந்து திருகோணமலைக்கு வேன் பிடிக்கிறவர்களின் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். வெள்ளி ராத்திரி புறப்பாடு, சனி விடிய கோணேசர் கோயில், மத்தியானம் கன்னியா வெந்நீர்க் கிணறுகள், ஞாயிறு காலை புறாமலைத் தீவு, பகல் சோற்றைக் கட்டிக்கொண்டு மலையேறினால் திங்கட்கிழமை வேலைக்கு நிற்கலாம். கும்பிடவும் குளிக்கவும் போகிறவர்களுக்கு இதில் ஒரு குறையும் இல்லை. கண்ணாடியும் குழாயும் மாட்டி மேலே மிதந்து மீன் பார்க்கிறவர்களுக்கும் குறையில்லை. ஆனால் வேனில் ஒருத்தராவது முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு சுழியோடப் போகிறார் என்றால், சனிக்கிழமை வேலையும் ஞாயிற்றுக்கிழமை வேலையும் இடம் மாறியே ஆக வேண்டும். நம்ம வீடு இருக்கிற உயரம்தான் காரணம். அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன், முதலில் மாதத்தைப் பார்ப்போம்.

கிழக்குக் கடல் அமைதியாக இருப்பது ஏறக்குறைய ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை. மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மழை விடாமல் கொட்டி, கொழுந்து மலையில் படங்கும் ஈரமும் அட்டையுமாக நிற்கிற மாதங்கள்தான் புறாமலைக்கு எதிரே இருக்கும் நிலாவெளிக் கரையில் வெயில் மாதங்கள். தென்மேல் பருவக்காற்று கொண்டுவரும் ஈரத்தை நம்ம மலை வாங்கிக்கொள்கிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அதே காற்று காய்ந்து சூடாகிப் போகிறது, அங்கே அதைக் கச்சான் காற்று என்பார்கள். தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரத்தில் பெரிய அலை எழும்பாது, தண்ணீரும் தெளியும். மார்கழி, தை மாதங்களில் கதை தலைகீழ். வடகீழ்ப் பருவக்காற்று நேரே கரையில் வந்து மோதும், தண்ணீர் கலங்கும், படகுப் பயணம் நம்பிக்கையில்லாத விஷயம். டிசம்பர் விடுமுறைக்குத்தான் வசதி என்றால் கோயிலுக்கும் வெந்நீர்க் கிணறுகளுக்கும் போய் வாருங்கள், புறாமலையை எதிர்பார்த்துப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

கச்சான் காற்றுக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. கரையில் நிற்கிறவருக்குக் கடல் குளம் மாதிரித் தெரியும், ஆனால் காற்று வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். லொறி டியூப், காற்றடித்த மெத்தை, பிள்ளைகளின் பிளாஸ்டிக் வாத்து, இதிலெல்லாம் ஏறிப் படுத்தால் பேசிக்கொண்டிருக்கும்போதே தூரம் போய்விடும். நிலாவெளிக் கரையில் டியூப் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. பகல் ஏற ஏற காற்றும் வலுக்கும், அதனால் புறாமலைக்கு விடியற்காலைதான் நேரம். முதல் படகுகளோடு போகிறவருக்குத் தெளிந்த தண்ணீரும் காலியான கரையும் கிடைக்கும், பத்து மணிக்குப் போகிறவருக்கு மற்றவர்களின் முழங்கால்தான் தெரியும். ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையிலும் போயாவை ஒட்டிய நீண்ட விடுமுறைகளிலும் இது இரட்டிப்பு உண்மை, முடிந்தால் கிழமை நாளில் போங்கள்.

பாதையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹட்டன், நுவரெலியாக்காரர்களுக்குக் கண்டி, மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய். பதுளைப் பக்கத்தவர்களுக்கு மகியங்கனை, பொலன்னறுவை வழி. கண்டியிலிருந்து மட்டுமே 180 கிலோமீற்றர் அளவு வரும், ஹட்டனிலிருந்து என்றால் ஏழெட்டு மணித்தியாலத்தை ஒதுக்கிவிடுங்கள். ஹபரணையைத் தாண்டிய காட்டுப் பாதையில் அந்தி நேரத்திலும் இரவிலும் யானை குறுக்கே வரும், டிரைவர் தூங்கி விழுந்துகொண்டு ஓட்டுகிற பாதை அதுவல்ல. ராத்திரி முழுக்க ஓட்டிய கையோடு விடியக் கடலில் இறங்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். தூக்கமில்லாத உடம்பும் வாந்தியெடுத்த வயிறும் கடலுக்கு ஆகாது. வெள்ளி பகலே போய் உப்புவெளியிலோ நிலாவெளியிலோ ஒரு ராத்திரி படுத்து எழும்பினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இனி இடம். சுற்றுலாக் கப்பல்களும் வந்து போகிற பெரிய இயற்கைத் துறைமுகம் திருகோணமலை. அங்கிருந்து வடக்கே கொஞ்சத் தூரத்தில் நிலாவெளி, நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவில் கடலுக்குள் இருக்கும் பாறைத் தீவுதான் புறாமலை. பெரியது ஒன்று, சின்னது ஒன்று. மாடப்புறாக்கள் பாறை இடுக்கில் கூடு கட்டுவதால் வந்த பெயர். வெள்ளைக்காரன் காலத்தில் கடற்படை குண்டடித்துப் பழகிய இலக்கு இது என்றால் இப்போது நம்பக் கஷ்டம். 1963இல் சரணாலயம் ஆனது, 2003இல் தேசியப் பூங்கா. ஆகவே வனஜீவராசிகள் திணைக்களத்தின் டிக்கெட் எடுக்க வேண்டும். உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இருக்கிறது, அடையாள அட்டையை மறக்காதீர்கள். படகு வாடகை தலைக்கு அல்ல, பெரும்பாலும் படகுக்கு. ரெண்டு பேராகப் போனால் கரையில் நிற்கும் இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து எடுங்கள். ஏறுவதற்கு முன்னேயே கேட்டு முடிக்க வேண்டியவை மூன்று: போக வரச் சேர்த்து எவ்வளவு, டிக்கெட்டும் அதில் அடக்கமா, எத்தனை மணிக்குத் திரும்ப வந்து ஏற்றுவார்கள். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இல்லாத படகில் ஏறாதீர்கள். ஓட்டம் கால் மணித்தியாலம்கூட வராதுதான், ஆனால் நம்ம ஆட்களில் நீச்சல் தெரிந்தவர் குறைவு, அந்தக் கால் மணித்தியாலம் போதும்.

தீவில் கடை கிடையாது. தண்ணீர், பிஸ்கட், ஒரு ஜீவனி பக்கெட், ஃபிளாஸ்கில் தேத்தண்ணி, இவ்வளவு போதும். கொண்டுபோன உறையும் போத்தலும் உங்களோடேயே திரும்ப வேண்டும். கரை முழுக்க உடைந்த முருகைக்கல் துண்டு, வெறுங்காலோடு நடந்தால் கால் கிழியும், பழைய சப்பாத்தோ பின்பட்டி வைத்த செருப்போ போடுங்கள். உடுப்பு விஷயத்தில் நம்ம பெண் பிள்ளைகள் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன், தயக்கமே தேவையில்லை: லெகிங்ஸும் முழுக்கை டீ-சேர்ட்டும்தான் அங்கே சரியான உடுப்பு, வெயிலுக்கும் அதுவே மருந்து. சல்வார் சால்வை, நீளப் பாவாடை, சாரி மட்டும் வேண்டாம், தண்ணீரில் காலைச் சுற்றும். குளிர் ஊரிலிருந்து போகிறவருக்கு வெயிலின் சூடு தண்ணீருக்குள் தெரியாது, ஒரு மணித்தியாலம் குப்புற மிதந்துவிட்டு வந்தால் அன்று ராத்திரி முதுகு படுக்கையில் படாது. கிரீமைப் பூசிக் கடலில் கரைப்பதைவிடத் துணியால் மூடுவது முருகைக்கும் நல்லது.

சரி, முகமூடிக்கு வருவோம். முதல் தடவை போகிறவர் பயந்து பாதியில் எழும்பி வருவதற்கு நீச்சல் தெரியாதது காரணமே இல்லை. கண்ணாடி ஒழுகுவது, வாயால் மூச்சு விடத் தெரியாதது, இந்த ரெண்டும்தான். வாடகைக்குக் கொடுக்கும் கண்ணாடியை அப்படியே வாங்கி மாட்டாதீர்கள். பட்டியைத் தலைக்குப் போடாமல் கண்ணாடியை மட்டும் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக மூச்சை இழுங்கள். கையை எடுத்த பிறகும் முகத்தில் ஒட்டி நின்றால் அது உங்கள் அளவு, விழுந்தால் வேறொன்று கேளுங்கள். ரப்பருக்கு உள்ளே ஒரு மயிர் இருந்தாலும் தண்ணீர் வரும், பெரிய மீசைக்காரர்களுக்குக் கொஞ்சம் வரத்தான் செய்யும், அதற்காக மீசையை எடுக்கச் சொல்லவில்லை, மேல் உதட்டில் வாசலின் தடவினால் குறையும். மூக்குக் கண்ணாடி போடுகிறவர் அதன்மேல் முகமூடி போட முடியாது, பவர் வைத்த முகமூடி இருக்கிறதா என்று கடையில் கேட்டுப் பாருங்கள். உள்பக்கம் பனி படியாமலிருக்க எச்சில் துப்பித் தேய்த்துக் கடல் தண்ணீரில் ஒரு தடவை அலசுங்கள். அசிங்கமாகத்தான் இருக்கும், ஆனால் வேலை செய்யும்.

அப்புறம் மூச்சு. இதை நேரே புறாமலையில் போய்ப் பழகாதீர்கள், முதல் நாள் மாலை நிலாவெளிக் கரையில் இடுப்பளவுத் தண்ணீரில் பழகுங்கள். முகமூடி மூக்கையும் மூடியிருக்கும், எல்லா மூச்சும் வாயால். முட்டி போட்டு முகத்தை மட்டும் தண்ணீரில் வைத்து, மெதுவாக இழுத்து மெதுவாக விட்டுப் பாருங்கள். ஆரம்பத்தில் நெஞ்சு படபடக்கும், எண்ணிக்கொண்டே விட்டால் அடங்கிவிடும். அடுத்து, குழாய்க்குள் தண்ணீர் வந்தால் என்ன செய்வது? பதறி எழும்ப வேண்டாம், நெஞ்சில் இருக்கிற காற்றையெல்லாம் ஒரே ஊதலில் பலமாக ஊதினால் தண்ணீர் மேல்வழியாகப் பறக்கும். இதை வேண்டுமென்றே தண்ணீர் ஏற்றி ஏற்றிப் பழகிக்கொள்ளுங்கள். ஊரிலேயே பழகலாமே என்று காசல்ரீயிலோ மவுசாக்கலையிலோ இறங்குவது மட்டும் வேண்டாம். நீர்த்தேக்கத்தில் கரை சட்டென்று ஆழமாகும், அடியில் சேறும் கட்டையும் இருக்கும், தண்ணீரும் குளிர்.

ஆற்றுத் தண்ணீரில் தாழ்கிற உடம்பு உப்புத் தண்ணீரில் நன்றாக மிதக்கும், லைஃப் ஜாக்கெட்டும் இருந்தால் முங்க நினைத்தாலும் முடியாது. ஆகவே கையைக் காலை அடிக்க வேண்டியதில்லை. நீட்டிப் படுங்கள், கையை மார்போடு வையுங்கள், காலை மட்டும் தொடையிலிருந்து மெல்ல ஆட்டுங்கள். அடித்து நீந்துகிறவருக்கு ஒரு மீனும் தெரியாது. சும்மா கிடக்கிறவரைச் சுற்றிக் கிளிமீனும் வண்ணத்திமீனும் தானாக வரும், அதிர்ஷ்டம் இருந்தால் கடலாமையும். செட்டை நுனி கறுத்த சின்னச் சுறாக்கள் புறாமலையின் பேர்போன ஆட்கள். ஆளைக் கண்டால் விலகிப் போகிற பிராணி, துரத்தாமல் மூலையில் மடக்காமல் இருந்தால் போதும். எந்தப் பக்கம் சுறா, எந்தப் பக்கம் முருகை, இன்றைக்கு எந்தப் பக்கம் நீரோட்டம் என்று படகுக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள், அவருக்கு அன்றன்றைய கடல் தெரியும். தனியாகப் போகாதீர்கள், ரெண்டு ரெண்டு பேராக, ஒருத்தரை ஒருத்தர் கண்ணில் வைத்தபடி. நீரோட்டம் இழுத்தால் எதிர்த்து நீந்திக் களைக்காமல் ஒரு கையை உயர்த்தி மிதந்துகொண்டே இருங்கள்.

முருகைக்கல்லின்மேல் நிற்கக் கூடாது என்று எல்லாரும் சொல்வார்கள், ஏன் என்று சொல்வதில்லை. அது கல் மாதிரித் தெரிந்தாலும் மேல்தோல் முழுக்க உயிர்ப் பிராணி. கொம்பு கொம்பாக வளரும் வகைகள்கூட வருடத்துக்குச் சில அங்குலம்தான் வளரும், உருண்டைக் கட்டிகள் அதைவிட மிக மெதுவாக. கால் வைத்த இடம் செத்துப் பாசி பிடிக்கும். கரையில் குவிந்து கிடக்கிற அந்த உடைந்த துண்டுகளை ஒரு தடவை பார்த்தால் புரியும். துண்டு ஒன்றைச் சாமியறைக்கு எடுத்துப் போகலாம் என்று நினைக்காதீர்கள், தேசியப் பூங்காவிலிருந்து எதை எடுத்தாலும் சட்டப்படி குற்றம். உங்கள் காலுக்கும் அது நல்லதில்லை, இடுக்குகளில் நீள முள் வைத்த கடல் முள்ளெலி உட்கார்ந்திருக்கும். முள் குத்தினால் வெளியே தெரிவதைப் பிடுங்கிவிட்டுத் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வையுங்கள். சொறிமுட்டை என்கிற ஜெலிமீன் பட்டால் கடல் தண்ணீரால்தான் கழுவ வேண்டும், போத்தல் தண்ணீரை ஊற்றினால் எரிச்சல் கூடும்.

இனி சுழியோடுதல். உப்புவெளி, நிலாவெளியில் பயிற்சி நிலையங்கள் உண்டு. லைசன்ஸ் இல்லாதவருக்கும் பயிற்சியாளர் கூடவே இருந்து ஒரு முறை இறக்கிக் காட்டும் திட்டம் இருக்கிறது. பொதுவாக 10 வயதுக்கு மேல், ஆழம் 12 மீற்றரைத் தாண்டாது. முதலில் ஒரு உடல்நலப் படிவம் தருவார்கள். ஆஸ்துமா, வலிப்பு, இருதயக் கோளாறு, காதில் சீழ், கர்ப்பம், எதையும் மறைக்காதீர்கள், படிவத்தில் பொய் எழுதிக் கடலை ஏமாற்ற முடியாது. தடிமன் இருந்தால் அன்றைக்கு இறங்கவே கூடாது. றம்பொடையிலிருந்து வேன் வேகமாக இறங்கும்போது காது அடைத்து, எச்சில் விழுங்கினால் டப்பென்று திறக்கும் அல்லவா, அதேதான் தண்ணீருக்குள்ளும், ஆனால் றம்பொடையில் நூற்றுக்கணக்கான மீற்றரில் வருவது அங்கே ஒரு மீற்றரிலேயே வந்துவிடும். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதைத் திறந்து திறந்துதான் இறங்க வேண்டும். மூக்கடைத்தவருக்கு அது திறக்காது, வலியோடு இறங்கினால் செவிப்பறை கிழியலாம். மேலே வரும்போது முதல் விதி, மூச்சை அடக்காதீர்கள். ஆழத்தில் நெஞ்சுக்குள் இழுத்த காற்று மேலே வர வர விரியும், அடக்கினால் நுரையீரல் கிழியும்.

கோணேசர் கோயில் நிற்கிற சுவாமி மலைக்குக் கீழே கடலடியில் கோயில் தூண்கள் இருக்கிறதாமே, பார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய பழைய கோணேசர் கோயிலின் எச்சங்களை 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் அங்கே கண்டார்கள், இன்றைக்கும் சுழியோடிகள் போகிறார்கள். பயிற்சி முடித்த பிறகு போகலாம். மட்டக்களப்புக்கு வெளியே 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் போர்க்கப்பல் 50 மீற்றருக்கும் கீழே, அது நம்மைப் போன்றவர்களுக்கு இல்லை.

இப்போது உயரக் கணக்கு. சிலிண்டரில் இருப்பது ஒட்சிசன் மட்டும் அல்ல, அமுக்கி அடைத்த சாதாரணக் காற்று, அதில் பெரும்பங்கு நைதரசன். 10 மீற்றர் ஆழத்தில் உடம்பின்மேல் அழுத்தம் இரண்டு மடங்கு, அந்த அழுத்தத்தில் நைதரசன் இரத்தத்திலும் சதையிலும் கூடுதலாகக் கரைகிறது. மேலே வந்த பிறகு மூச்சு வழியே கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற மணிக்கணக்காகும். அது வெளியேறி முடியுமுன் சுற்றியுள்ள அழுத்தம் சட்டென்று குறைந்தால், சோடாப் போத்தலைத் திறந்த மாதிரி உடம்புக்குள் குமிழி கிளம்பும். அதனால்தான் சுழியோடியவர் உடனே விமானம் ஏறக் கூடாது என்கிறார்கள். சுழியோடிகளின் பாதுகாப்புக்காக இயங்கும் டான் அமைப்பின் பரிந்துரை, ஒரு தடவை மட்டும் இறங்கினால் குறைந்தது 12 மணித்தியாலம், ஒன்றுக்கு மேல் என்றால் 18. விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய 600 முதல் 2,400 மீற்றர் உயரத்து மலையில் நிற்பதற்குச் சமம் என்று வைத்துச் செய்த கணக்கு அது. நுவரெலியா டவுன் 1,868 மீற்றர். ஹட்டன், பண்டாரவளை, ஹப்புத்தளை எல்லாம் 1,200க்கு மேல். பதுளைகூட 600ஐத் தாண்டியது. நுவரெலியாவில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வேன் ஏறி வீட்டுக்குப் போவது விமானம் ஏறுவதற்குச் சமம் என்றால் மிகையில்லை, வேகம்தான் குறைவு.

ஞாயிறு காலை பத்து மணிக்குத் தண்ணீரை விட்டு எழும்பி, பன்னிரண்டுக்கு வேன் எடுத்தால், ராத்திரி ஏழெட்டு மணிக்கு றம்பொடை வளைவுகளில் ஏறிக்கொண்டிருப்பீர்கள். பன்னிரண்டு மணித்தியாலம் இன்னும் ஆகவில்லை. ரெண்டு தடவை இறங்கியிருந்தால் பதினெட்டுக்குப் பாதி. ஆகவே சுழியோடுதலைச் சனிக்கிழமை காலைக்கு வையுங்கள். அன்று மாலை சும்மா கரையில் இருங்கள், மதுவைத் தொடாதீர்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். ஞாயிறு விடிய புறாமலையில் குழாயோடு மிதக்கலாம், மேலே மிதப்பதற்கு இந்தக் கணக்கே கிடையாது, ஆனால் சுழியோடியவர் மூச்சை அடக்கி ஆழத்துக்கு முங்கி முங்கி விளையாட வேண்டாம். அப்புறம் கோணேசர், கன்னியாவில் வாளியால் அள்ளி ஊற்றும் ஏழு கிணற்றுக் குளியல், சாப்பாடு. பகலோடு புறப்பட்டால் ஹபரணையை வெளிச்சத்திலேயே தாண்டிவிடலாம். மலையேறும்போது ஒரு நாளுக்கு மேல் ஆகியிருக்கும்.

இவ்வளவு பார்த்தும் ஊருக்குத் திரும்பிய பிறகு முழங்கால், தோள் மூட்டில் காரணமில்லாத வலி, கை கால் மரமரப்பு, தோலில் புள்ளி, தலைச்சுற்று, அளவுக்கு மீறிய களைப்பு, இதில் ஏதாவது வந்தால் கடல் காற்று, பயணக் களைப்பு என்று எண்ணெய் தேய்த்துப் படுக்காதீர்கள். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், காசில்லை. நம்ம பக்கத்து ஆஸ்பத்திரிகளில் இந்தக் கேஸ் அபூர்வம், மூட்டு வலி என்று மட்டும் சொன்னால் பெனடோல் தந்து அனுப்பிவிடலாம். எந்த நாள், எத்தனை மணிக்கு, எத்தனை மீற்றர் ஆழத்தில், எத்தனை தடவை சுழியோடினீர்கள் என்பதை வாட்டில் கேட்கும் முன் நீங்களே சொல்லுங்கள், ஒட்சிசன் தரச் சொல்லிக் கேளுங்கள். இந்த விபரத்தைப் பயிற்சி நிலையத்திலேயே ஒரு துண்டில் எழுதி வாங்கி அடையாள அட்டையோடு வைத்துக்கொண்டு வேனில் ஏறுவது நல்லது.